மூன்றாம் வகையில் வைத்த எழுத்து

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை மூணு என்றுதான் கூப்பிட்டார்கள். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. வாசல் காவலாளியைத் தவிர அதை யாரும் படித்ததில்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில், சலவைப் பிரிவுக்கும் உடைந்த கட்டில்கள் அடுக்கிய அறைக்கும் நடுவில் அந்த ஆய்வுக்கூடம். ஜன்னல் கிடையாது. பக்கத்துச் சுவருக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரங்கள் நாள் முழுக்க உருண்டுகொண்டிருக்கும். அங்கே பதினோரு வருஷமாக அவள் ஒரே வேலையைச் செய்துவந்தாள்.

சில குடும்பங்களில் குடல் புற்றுநோய் அப்பாவுக்கு, அத்தைக்கு, பிள்ளைக்கு என்று விடாமல் வரும். அந்தக் குடும்பங்களின் ரத்தம் அங்கே வந்து சேரும். உடம்பில் செல்கள் பெருகும்போது மரபணுவை எழுத்தெழுத்தாகப் படியெடுக்கின்றன. படியெடுக்கும்போது பிழைகள் விழும். அவற்றைத் திருத்தவென்றே நான்கு மரபணுக்கள் இருக்கின்றன. திருத்தும் மரபணுவிலேயே பிறவியிலிருந்து ஒரு பிழை இருந்துவிட்டால், இள வயதிலேயே குடலிலும், பெண்களுக்குக் கருப்பையிலும் புற்று வரக்கூடும். மாறியிருக்கும் எழுத்தை இயந்திரம் கண்டுபிடித்துவிடும். அது ஆபத்தானதா, உடம்பில் கிடக்கும் மச்சம் மாதிரி சும்மா இருப்பதா என்று சொல்வதுதான் அவள் வேலை.

மொத்தம் ஐந்து வகை. ஒன்று, கெடுதல் இல்லை. இரண்டு, அநேகமாகக் கெடுதல் இல்லை. நான்கு, அநேகமாகக் கெடுதல். ஐந்து, கெடுதலேதான். நடுவில் இருக்கும் மூன்றுக்கு அர்த்தம்: 'இன்னும் தெரியவில்லை'.

நான்கோ ஐந்தோ வந்தால் குடும்பத்தில் மற்றவர்களையும் கூப்பிட்டுச் சோதிப்பார்கள். அந்த எழுத்து யாருக்கெல்லாம் இருக்கிறதோ அவர்களுக்கு இருபத்தைந்து வயதிலிருந்தே குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டு அடிக்கடி பார்ப்பார்கள். மூன்று வந்தால் அப்படிக் கூப்பிடுவதில்லை. என்னவென்றே தெரியாத எழுத்தைக் காட்டி ஒரு குடும்பத்தைப் பயமுறுத்தக் கூடாது என்பது விதி.

அங்கே இருந்த மற்றவர்களைவிட அவள் அதிகமாக மூன்று போடுவாள். அதனால் வந்த பெயர்தான் அது. சுபாவமே அப்படி. பூட்டிய கதவை இழுத்துப் பார்க்க பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வருவாள். கணக்கு வாத்தியாரான அவள் புருஷன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு கதை சொல்வார். "பொண்ணு பார்க்கப் போனப்ப சம்மதமான்னு கேட்டேன். கூடுதல் தகவல் தேவைன்னு சொன்னா. இன்னைக்கு வரைக்கும் சம்மதம்னு வாயால சொல்லல." அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேறு ஊரிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தாறு, குடலில் புற்று. திருத்தும் மரபணு ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருந்தது. ஆசிரியையின் கட்டியைப் பரிசோதித்த அறிக்கையும் கூடவே வந்திருந்தது. அந்த மரபணு செய்ய வேண்டிய புரதம் கட்டிக்குள் சுத்தமாக இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அது சாதாரண விஷயமில்லை. ஓர் எழுத்தைக் கெட்டது என்று சொல்லக் கிடைக்கும் பலமான சாட்சிகளில் அது ஒன்று.

எழுத்தைப் பதிவேட்டில் தேடினாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. ஏற்கனவே பார்த்தது, ஒரு குடும்பம், வகை மூன்று, நான்கு வருஷத்துக்கு முன்னால். பக்கத்தில் அவளுடைய சுருக்கெழுத்து.

பழைய கோப்பைத் திறக்கவே கை வரவில்லை. எழுந்து போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு மறுபடி போய்க் கழுவினாள்.

கோப்பில் இருந்தவர் ஒரு பஸ் டிரைவர். நாற்பத்து நான்கு வயதில் குடலில் புற்று வந்து, அறுவை முடிந்து பிழைத்தவர். அவருடைய கட்டியைச் சோதித்தும் பயனில்லாமல் போயிருந்தது. சின்ன ஆஸ்பத்திரி, சரியாகப் பதப்படுத்தாமல் கெட்டுவிட்டது. இரண்டு மகள்கள், இருபத்து மூன்று, பதினெட்டு. அதற்குக் கீழே அவள் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு: 'அக்கா, கருப்பைப் புற்று, 49 வயதில் மறைவு. கட்டி வேறு ஆஸ்பத்திரியில் மெழுகில் பாதுகாப்பாக உள்ளது.'

அந்த மெழுகுத் துண்டை அவள் கேட்டு வாங்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதும் நினைவிருந்தது. அதுதான் கொடுமை. அந்த ஆஸ்பத்திரியில் கட்டிகளைப் பாதுகாக்கும் பிரிவுத் தலைவர் அதற்கு முந்தின வாரம் வேறொரு துண்டைக் கேட்டதற்காக அவளை ஃபோனில் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். ரிசீவரைக் கையில் எடுத்தவள் அவர் குரலை நினைத்ததும் வைத்துவிட்டாள். நாளைக்குப் பேசலாம் என்று நினைத்தாள். மறுநாள், கட்டியை வரவழைப்பது சிகிச்சை செய்யும் டாக்டரின் பொறுப்பு என்ற விதி ஞாபகம் வந்தது. நிம்மதியாக மூன்று போட்டாள். அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டதுகூட நினைவிருந்தது.

இருபத்து மூன்றோடு நான்கைக் கூட்டினாள். பெரிய மகளுக்கு இப்போது இருபத்தேழு.

ஆய்வுக்கூடத் தலைவரிடம் கோப்பைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"விதிப்படி நீ செஞ்சதுல தப்பில்லம்மா. அன்னைக்கு இருந்த தகவலுக்கு மூணுதான் சரி."

"தகவல் இருந்துச்சு சார். நான் போய் எடுக்கல."

"அது உன் வேலை இல்ல."

"எடுக்கலாம்னு எனக்குத் தெரியும் சார். பயந்துட்டு விட்டுட்டேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.   "சரி, இப்ப ஃபோன் பண்ணு. என் எதிர்லயே பண்ணு," என்றார்.

பண்ணினாள். அதே ஆள், அதே குரல். வயதாகியிருந்தது. "எந்த வருஷம்? பேரு? சரி, தேடி அனுப்பச் சொல்றேன்," என்று வைத்துவிட்டார். பேச்சு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.  இந்த ஒரு நிமிஷத்துக்கா நான்கு வருஷம்?

ஒன்பதாம் நாள் மெழுகுத் துண்டு வந்தது, தீப்பெட்டியில் பாதி அளவு. மெல்லிய சீவலாக அறுத்துச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தார்கள். சுற்றியிருந்த நல்ல செல்களெல்லாம் பழுப்பு நிறமாக நிற்க, கட்டி மட்டும் வெளிறிக் கிடந்தது. புரதம் இல்லை. ஆசிரியையின் ரத்தத்தில் செய்த இன்னொரு சோதனையில், அந்த எழுத்து மாறியதால் மரபணுவின் ஒரு துண்டே விடுபட்டுப்போகிறது என்றும் தெரிந்தது. வகைப்பிரிப்புக் குழுவில் மூன்று பேர். மூன்று பேரும் நான்கு என்றார்கள். நான்கு வந்தாலும் ஐந்து வந்ததைப் போலவேதான் நடந்துகொள்ள வேண்டும்.

டிரைவர் குடும்பத்தை வரச்சொல்லிக் கடிதம் போனது. வருவதற்குப் பதினாறு நாள் ஆனது. அந்தப் பதினாறு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் இருபத்தேழு வயதுப் பெண் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து முன்னால் போய் நின்றாள். டிரைவரின் முதுகைப் பார்க்க நேர்ந்தால் பின்னால் வந்தாள். கடைசியில் நடந்தே போக ஆரம்பித்தாள்.

புருஷன் ஒரு நாள் சாயங்காலம் விடைத்தாள் கட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். "அப்பாகிட்ட இருந்து அந்த எழுத்து பொண்ணுக்கு வராம இருக்கவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப ஏன் இப்பவே செத்துப் பொழைக்கற?"

"பாதிக்குப் பாதின்னு நான்தான் தினம் எல்லாருக்கும் எழுதி அனுப்பறேன். இவ்வளவு பெருசுன்னு இப்பத்தான் தெரியுது."

அவர் எழுந்து, அவள் தொடாமல் வைத்திருந்த சோற்றுத் தட்டருகே வந்தார். தட்டிலிருந்ததைத் தானே எடுத்து ஒரு வாய் ஊட்டிவிட்டார்.

ஆய்வுக்கூடத்து ஆட்கள் நோயாளிகளைப் பார்ப்பதில்லை. அவள் மாடிக்குப் போய் மரபணு டாக்டரம்மாவிடம் தானும் உட்காரலாமா என்று கேட்டாள். டாக்டரம்மா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "உக்காரலாம். ஆனா அழக் கூடாது. அங்க அழற உரிமை அவங்களுக்குத்தான்," என்றார்.

டிரைவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெரியவள் கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்பவள். விரல் நுனிகளில் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். சின்னவள் கல்லூரியில் படிப்பவள். இரண்டு பேரும் அப்பாவுக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டு நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். டிரைவர் குறுக்கே பேசவே இல்லை. முடிந்த பிறகு கேட்டார்.

"நாலு வருஷம் முன்னாடி தெரியலன்னு சொன்னீங்க. இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"இன்னொரு குடும்பத்துல அதே எழுத்து வந்திருக்கு," என்று டாக்டரம்மா தொடங்கினார்.

"அது மட்டும் இல்லைங்க," என்றாள் மூணு. தன் குரல் யாரோ பேசுவதைப் போல இருந்தது. "உங்க அக்காவோட கட்டி ஒரு ஆஸ்பத்திரியில பத்திரமா இருந்துச்சு. அதை வாங்கிப் பார்த்திருந்தா நாலு வருஷம் முன்னாடியே ஓரளவுக்கு சந்தேகம் பலமாகியிருக்கும். உங்க ஃபைலைப் பார்த்தது நான்தான். நான் கேட்டு வாங்கல."

 டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"ஏன் கேக்கல?" டிரைவர் கேட்டார்.

"ஃபோன்ல திட்டுவாங்கன்னு பயம்."

டிரைவர் அவளையே பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தாள். கோபத்துக்கு முன்னால் அவர் முகத்தில் வந்தது குழப்பம். தன் குடும்பத்தின் தலைவிதி இவ்வளவு சின்ன விஷயத்தில் தொங்கியிருக்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை. வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பெரியவள் பேசினாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"என்னம்மா?"

"மூணு மாசமா ரத்தம் போகுது. மூலம்னு நெனச்சேன். நாள் முழுக்க உக்காந்தே வேலை, அதனாலன்னு நெனச்சேன்."

தங்கை திரும்பி அக்காவின் கையைப் பிடித்தாள். "என்கிட்ட கூட சொல்லலையே."

"உன்கிட்ட சொன்னா அது அப்பாகிட்ட சொன்ன மாதிரிதானே."

மூணுவின் காதில் அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை.  நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அழக் கூடாது என்பதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

குழாய்ச் சோதனைக்கு அடுத்த வாரமே நாள் குறித்தார்கள். இரண்டு பெண்களின் ரத்தமும் கீழே வந்தது. வேறு யாராவது பார்க்கட்டும் என்று தலைவர் சொன்னார். அவள் கேட்கவில்லை. முடிவு வந்த காலையில் திரையை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, முதலில் சின்னவளின் வரியை மட்டும் திறந்தாள். எழுத்து இல்லை. தாளைக் கீழே இறக்க ஐந்து நிமிஷம் ஆனது. பக்கத்து மேஜைக்காரர் பார்க்காத மாதிரி இருந்தார். பெரியவளுக்கு அந்த எழுத்து இருந்தது.

குழாய்ச் சோதனையில் குடலின் வலப்பக்க வளைவில் ஒரு கட்டி தென்பட்டது. நெல்லிக்காய் அளவு. புற்றுதான். அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

அறுவை நாளன்று அவள் சாப்பாட்டு இடைவேளையில் மாடிக்கு ஏறினாள். அறுவைக் கூடத்துக்கு வெளியே நீண்ட தாழ்வாரம். டிரைவர் பெஞ்சில் தனியாக இருந்தார். சின்னவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மூணு தாழ்வாரத்தின் கோடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். கிட்டே போகத் தைரியமில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை. அவர் பார்த்துவிட்டார்.

"எதுக்கு வந்தீங்க?"

"கீழ இருக்க முடியலைங்க."

"மன்னிச்சிட்டேன்னு என் வாயால கேக்கணும்னு வந்திருந்தா, இப்ப என்னால முடியாது. சொல்லிட்டேன்."

"அதுக்கு வரலைங்க."

அவர் கூடத்தின் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப உக்காருங்க. நிக்காதீங்க. நீங்க அப்படி நிக்கறதப் பார்த்தா எனக்கு இன்னும் பயமாயிருக்கு."

பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவர் ஒரு முறை மட்டும், "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். "இந்த மாதிரி அறுவைக்கு மூணு மணி நேரம் ஆகுங்க," என்றாள். அது ஒன்றாவது நிச்சயமாகச் சொல்ல முடிந்ததே என்றிருந்தது. சின்னவள் மருந்துப் பையோடு வந்து, ஒன்றும் கேட்காமல் நடுவில் உட்கார்ந்தாள். இடைவேளை முடிந்து ஒரு மணி நேரமாகியும் மூணு எழுந்திருக்கவில்லை.

குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். சுற்றியிருந்த நிணநீர் முடிச்சுகள் இருபத்திரண்டையும் சோதித்ததில் ஒன்றிலும் புற்று பரவியிருக்கவில்லை. அந்தச் செய்தியை டாக்டரம்மாதான் கீழே வந்து சொன்னார். மூணு நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டாள்.

"இருபத்தஞ்சு வயசுலயே பார்த்திருந்தா?" என்று அப்படியே கேட்டாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி அங்க ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கலாம். சின்ன மொட்டா இருந்து, குழாயிலயே கிள்ளி எடுத்திருக்கலாம். இந்த வியாதியில வேகமா வளரும், சொல்ல முடியாது. உனக்கு ஆறுதலுக்காக ஒண்ணையும், தண்டனைக்காக இன்னொண்ணையும் நான் சொல்ல மாட்டேன்."

அந்த மாதத்திலிருந்து அவள் பழைய மூன்றுகளை எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள். இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். எங்கோ மெழுகில் ஒரு சொந்தக்காரரின் கட்டி இருக்கக்கூடும் என்று எழுதியிருந்தவை முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் தானே ஃபோன் பண்ணினாள். ஒவ்வொரு முறையும் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் எண்ணை அழுத்தினாள். சிலர் எரிந்து விழுந்தார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் வெள்ளம் புகுந்து எல்லாம் போய்விட்டிருந்தது. இரண்டு குடும்பங்களில், சோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தவரே இதற்குள் இறந்துவிட்டார் என்று தெரிந்தது.  ஆறு எழுத்துகள் நான்குக்கு ஏறின. ஒன்பது இரண்டுக்கு இறங்கின. இறங்கிய குடும்பம் ஒன்றிலிருந்து ஒரு தாத்தா கீழ்த்தளம் வரை தேடி வந்து, கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "இங்கதானே ஒண்ணும் இல்லன்னு சொன்னவங்க இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் கும்பிட்டுப் போனார். மற்றவை இன்னும் மூன்றிலேயே இருக்கின்றன.

ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை டிரைவர் ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு வந்தார். உள்ளே அவருடைய சித்தப்பா மக்கள், இறந்துபோன அக்காவின் மகன், அத்தை வீட்டார் என்று பதின்மூன்று பேர். ரத்தம் கொடுக்கத்தான் வந்திருந்தார்கள். கல்யாணத்துக்குக் கிளப்பிக்கொண்டு வருவதைவிடக் கஷ்டமாயிருந்ததாம். ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து, டாக்டரம்மா போட்ட படத்தைத் தானே போட்டுக் காட்டியிருக்கிறார். பெரியவளும் வந்திருந்தாள், இளைத்திருந்தாலும் தெம்பாக. வரிசையில் நின்றவர்களுக்கு ஊசி வலிக்காது என்று சொல்லிக்கொண்டே போனாள். மூணுவின் மேஜைமேல் விரிசல் விட்டுக் கிடந்த கைபேசியைப் பார்த்து, "இத மாத்திக் குடுக்கறேன், கடைக்கு எடுத்துட்டு வாங்க," என்றாள்.  

பன்னிரண்டு பேர் ரத்தம் கொடுத்தார்கள். பதின்மூன்றாவது ஆள், முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் டிரைவரின் சித்தப்பா மகன், தம்பி முறை, வேனைவிட்டு இறங்கவே இல்லை. டிரைவர் இரண்டு முறை போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு மூணு போனாள். கண்ணாடி பாதி இறக்கியிருந்தது.

"தெரிஞ்சா என் பொண்டாட்டி மூஞ்சில எப்படி முழிப்பேன்? வயித்துல புள்ள வேற இருக்கு," என்றான்.

"பயமாத்தான் இருக்கும்," என்றாள்.  வேனின் நிழலில் கொஞ்ச நேரம் அவனோடு நின்றாள். அவன் அன்று கொடுக்கவில்லை.

பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்கு அந்த எழுத்து இருந்தது. அவர்களில் ஒருவரின் குடலில் மூன்று மொட்டுகள் இருந்தன; குழாயிலேயே கிள்ளி எடுத்துவிட்டார்கள். முடிதிருத்தும் அந்தத் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. டிரைவர்தான் ஃபோனில் சொன்னார். குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும், பிறகு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறானாம். அவன் ரத்தத்தைப் பிடிக்க, அவன் பெயர் எழுதிய காலிக் கண்ணாடிக் குப்பி ஒன்றை மூணு தன் மேஜை இழுப்பறையில் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.